திவ்யாவின் இரண்டு கைகள்

2003 ஜூலையில் 'காதல் கொண்டேன்' வெளிவந்தபோது நான் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். நாகர்கோவிலில் தோழிகள் நான்கு பேராகப் போய்ப் பார்த்தோம். கடைசிக் காட்சியில் வினோத் மலையிலிருந்து விழுந்தபோது நால்வருமே அழுதோம். வெளியே வந்து வடசேரிக்கு நடக்கையில் ஒருத்தி சொன்னாள்: "பாவம்ட்டி அவன்." யாரும் மறுக்கவில்லை. திவ்யாவைப் பற்றி ஒருத்தியும் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு படத்தை மறுபடி பார்த்தபோது அந்த மௌனம்தான் என்னை உறுத்தியது.

செல்வராகவன் தன் பெயரில் இயக்கிய முதல் படம் இது. பாதிரியார் ஒருவரின் (நாகேஷ்) அரவணைப்பில் வளர்ந்த வினோத் (தனுஷ்) படிப்புக்காகச் சென்னைக்கு வருகிறான். வகுப்பே அவனை ஒதுக்க, திவ்யா (சோனியா அகர்வால்) மட்டும் நட்போடு பேசுகிறாள். அவள் விரும்புவது உடன்படிக்கும் ஆதியை. அது தெரிந்ததும் அப்பா அவளை வீட்டில் அடைக்கிறார். ஆதியிடம் சேர்ப்பதாகச் சொல்லி வினோத் அவளை ஆந்திரக் காட்டுக்குக் கூட்டிப்போய்த் தன்னோடு வைத்துக்கொள்கிறான். ஆக, அவள் ஒரு பூட்டிலிருந்து இன்னொரு பூட்டுக்குப் போகிறாள். இரண்டு பூட்டுக்கும் அன்பு என்றுதான் பெயர்.

படத்தின் நேர்மையையும் சொல்லவேண்டும். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) கொலைகாரனின் மனக்கோணலுக்குப் பெண்களையே காரணமாக்கியது. 'குணா'வில் (1991) கடத்தப்பட்டவள் கடத்தியவனையே காதலிக்கத் தொடங்குகிறாள். 'காதல் கொண்டேன்' இந்த இரண்டையும் செய்யவில்லை. வினோத்தின் நோய்க்கு அது காட்டும் வேர், குழந்தைகளை அடைத்துவைத்து வேலை வாங்கும் கொடுமை. திவ்யாவும் கடைசிவரை ஆதியின் காதலியாகவே இருக்கிறாள்.

ஆனால் முன்கதை யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். வினோத்துக்கு முழுதாக ஒரு பால்யம் இருக்கிறது. அந்தக் கொடுமைக் கூடத்தில் அவன் நேசித்த சிறுமி சிதைக்கப்படுகிறாள். அவளுக்கு நேர்ந்ததும் அவனுடைய காயமாகவே கணக்கில் சேர்கிறது. திவ்யாவுக்கோ கடந்தகாலமே இல்லை. காட்டில் அவளுக்குக் கிடைக்கும் வேலை, அவன் கதையைக் கேட்டு உருகுவது. ஆணின் வெறிக்கு வரலாறு இருக்கிறது. பெண்ணின் பயத்துக்கு அது இல்லை.

உச்சக்காட்சியில் ஒரு கையில் ஆதி, மறுகையில் வினோத். இருவரும் பள்ளத்தில் தொங்குகிறார்கள். அவனை விட்டுவிடு என்று ஆதி கத்துகிறான். அவளால் முடியவில்லை. வினோத் சிரித்துக்கொண்டே தானே கையை விடுவித்துக்கொள்கிறான். கடைசி முடிவும், அதற்குரிய பெருந்தன்மையும் அவனுக்கே போகின்றன. அன்று அழுத நாங்கள் நால்வரும் ஒன்றைக் கேட்கவில்லை. இரண்டு ஆண்களின் எடையைத் தாங்கிக் கிடந்த அவளை யார் பிடித்திருந்தார்கள்?

அந்த அழுகையில் எனக்குச் சொந்தக் கணக்கும் உண்டு. அந்த ஆண்டு தினமும் என் பேருந்தில் ஏறி எதிரே நின்றபடி வந்தவன் ஒருவன் இருந்தான். ஒருநாள் முழங்கையில் பிளேடால் கீறிய என் பெயரைக் காட்டினான். "ஒரு வார்த்தை பேசிருட்டி, செத்துகித்துப் போயிருவான்" என்றார்கள் உடன் படித்தவர்கள். பேசினேன். பயத்தினால் பேசிவிட்டு, அதை இரக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வினோத்துக்காக அழுதபோது அந்தப் பொய்க்குத் திரையில் ஒரு நியாயம் கிடைத்தது. பெண்ணைப் பின்தொடர்வதை இந்தியச் சட்டம் தனிக் குற்றமாக எழுதியது 2013இல்தான், படம் வந்து பத்தாண்டு கழித்து.

எங்கள் மாவட்டத்தில் அதங்கோடு என்று ஓர் ஊர் உண்டு. தொல்காப்பியம் அரங்கேறியது எங்கள் ஊர் ஆசான் முன்னால்தான் என்று பெருமை பேசுவோம். அந்தத் தொல்காப்பியம் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றது. மடலேறுவதையும், தெளிவிழந்த மிகுகாமத்தையும், காமத்தின் வன்மையையும் பெருந்திணையில் வைத்தது. ஒத்த அன்புக்குரிய ஐந்திணைக்குள் இவற்றுக்கு இடமில்லை. நம் சினிமா அந்த வேலியைப் பிடுங்கிப் பெருந்திணையை நட்டநடுவே நட்டது.

இப்படிச் சொல்லி இலக்கணத்தைக் கொண்டாடிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மடலேறுவேன் என்று தலைவன் சொல்வது ஐந்திணை, ஏறிவிட்டால் பெருந்திணை என்று வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். பனங்கருக்கு எப்படி அறுக்கும் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கருக்குமட்டைக் குதிரையில் உடம்பு கிழிய ஏறி, அவள் படத்தை ஏந்தி ஊர் நடுவே வருவது மடல். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள்: "சொன்னாலே போதும் மேடம், நாங்க பயந்திருவோம்."

பிளேடு கீறிய அந்த முழங்கை நினைவுக்கு வந்தது. இலக்கணம் கோடு போடுவது ஆணின் செயலை வைத்து. பெண்ணின் பயமோ அவன் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. பெண் மடலேறலாகாது என்றும் அதே இலக்கணம் சொல்கிறது. ஒருதலைக் காமம் பெண்ணுக்கு வந்தால்? புறநானூற்றில் நக்கண்ணையார் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளிமேல் கொண்ட ஆசையைப் பாடியிருக்கிறார். கழலும் வளையைத் தாய் பார்த்துவிடுவாளோ என்று அஞ்சுகிறார். அவையோர் முன் அவனைத் தழுவ நாணுகிறார். அவனை அவர் மிரட்டவில்லை. கிடைக்காத காதலோடும் ஒருவர் வாழ்ந்துவிடலாம் என்பதற்கு நம்மிடம் இருக்கும் பழைய சாட்சி அவர். அவரைப் பற்றி எந்தத் திரைப்படமும் நாம் எடுக்கவில்லை.

இந்த ஆண்டு மாணவிகளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். வினோத் விழுந்த மறுநாள் திவ்யாவுக்கு எப்படி விடிந்திருக்கும் என்று எழுதச் சொன்னேன். பலருடைய தாள்களும் ஒரே கேள்வியில் தொடங்கியிருந்தன: "நீ ஏன் அவன்கூடப் போன?" கேட்பவர் மட்டும்தான் மாறியிருந்தார். சில தாள்களில் காவலர், சிலவற்றில் அப்பா, சிலவற்றில் ஆதி.