முன்னும் பின்னும் ஒத்திருத்தல்

1990-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டுராங்கோ நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் மலையிறக்கப் பந்தயத்தை வென்றபோது, அவருடைய வண்டியில் இருந்த ராக் ஷாக்ஸ் ஃபோர்க் அமுங்கக்கூடிய தூரம் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர்தான். இன்றோ அதனினும் மும்மடங்கு அமுங்கும் ஃபோர்க் முன்னேயும், அதற்கு ஈடுகொடுக்கும் ஷாக் பின்னேயும் அமைந்த மலைச் சைக்கிள்கள் சாதாரணமாகிவிட்டன. ஆகவே இவ்விரண்டையும் எவ்வாறு இணங்கச் செய்வது என்னும் பிரச்சினை அவற்றை ஓட்டுகிற ஒவ்வொருவர்க்கும் வந்துசேர்கிறது.

பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை எளியது. சமதரையில் பெடல்கள்மீது நின்று வண்டியின் நடுவே பலமாக அழுத்தி, முன்னும் பின்னும் ஒரே அளவு தாழ்ந்து ஒருங்கே எழுகின்றனவா என்று பார்ப்பார்கள். எழுந்துவிட்டால் திருப்தியுடன் புறப்பட்டுவிடுவார்கள். இதை அற்பமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஃபோர்க் மட்டும் மிருதுவாக இருந்தால், செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தவுடன் பாரமெல்லாம் முன்னே சாய்ந்து, ஹேண்டில் பாரைத் தாண்டித் தூக்கியெறியப்படும் அபாயம் நேர்கிறது. பின்புறம் மட்டும் மிருதுவானால் முன்சக்கரம் பாரமற்றுப்போய், வளைவில் பிடிப்பை இழந்து, ஏற்றத்தில் திசை தடுமாறுகிறது. இத்தகைய பெருங்குறைகளை அந்த ஒரு நிமிஷப் பரீட்சை பிரத்தியட்சமாகக் காட்டிவிடும்.

ஆனால் அதற்குமேல் அது சொல்வதாக நம்புவதில்தான் தவறு தொடங்குகிறது. ஃபோர்க்கிலும் ஷாக்கிலும் அசைவைத் தணிக்கும் டாம்பருக்குள் எண்ணெய் ஓடுவதால் உண்டாகும் தடை, அமுங்கும் வேகத்தைப் பொறுத்தது. காலால் அழுத்தும் மந்த வேகத்தில் ஒத்துப்போகும் இரு டாம்பர்கள், கல்லில் மோதும் வேகத்தில் முற்றிலும் வேறுபட்ட சுபாவத்தைக் காட்டக்கூடும்.

முன்னும் பின்னும் மில்லிமீட்டர் கணக்கு சரிசமமாக இருக்கவேண்டும் என்னும் பிடிவாதமும் இத்தகையதே. 65 பாகை சாய்ந்து நிற்கும் ஃபோர்க் 160 மில்லிமீட்டர் அமுங்கினால், செங்குத்தாகக் கிடைப்பது ஏறத்தாழ 145 மில்லிமீட்டர்தான். பின்சக்கரமோ பெரும்பாலும் நேர்மேலாகவே எழுகிறது. உற்பத்தியாளர்கள் பலர் முன்புறத்துக்குப் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் கூடுதலாக வைப்பதை ஏற்றத்தாழ்வென்று குறைகூறுவது நியாயமன்று.

காலத்தையும் கவனிக்கவேண்டும். 1930-களில் காடிலாக் கார்களின் ஓட்டத்தை ஆராய்ந்த மாரிஸ் ஆலி, மேட்டைப் பிந்திச் சந்திக்கும் பின்புறத்தின் அதிர்வு சற்று விரைவாக இருந்தால்தான் அது முன்புறத்தை எட்டிப்பிடித்து, வண்டி முன்னும் பின்னும் ஆடுவது தணியும் என்று கண்டார். சக்கரங்களுக்கிடையே 1.2 மீட்டர் உள்ள சைக்கிள் மணிக்கு 36 கிலோமீட்டரில் செல்லும்போது அந்தத் தாமதம் 0.12 விநாடி, வேகம் பாதியானால் தாமதம் இரட்டிக்கிறது. ஆலியின் விதியை, கைகால்களை மடக்கி நின்றபடி ஓட்டுகிறவனுக்கு அப்படியே பொருத்திவிட முடியாதென்பது உண்மையே. எனினும் எல்லா வேகத்துக்கும் ஏற்ற ஒரே ஒப்புமை கிடையாதென்பதை அது தெளிவாக்குகிறது.

ஆகவே அந்தப் பரீட்சையை ஆரம்பமாக மட்டும் கொள்ளுங்கள். பிறகு பழகிய ஒரே இறக்கத்தில் மீண்டும் மீண்டும் இறங்கி, ஃபோர்க்கிலும் ஷாக்கிலும் உள்ள ரப்பர் வளையம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறதென்று பாருங்கள். ஒரு முனை அடிதட்டும்போது மறுமுனையில் பாதித் தூரம் மிஞ்சியிருந்தால், சமதரையில் எவ்வளவு ஒத்திருந்தாலும் அந்த அமைப்பை மாற்றியே தீரவேண்டும்.