அடினோசின் டிரைபாஸ்பேட்டை ரசிப்பது எப்படி?

சங்கீதத்துக்கும் சிற்பத்துக்கும் ரசிகர் பெருகியிருக்கும் நாட்டில், தம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் கணந்தோறும் நிகழும் ரசாயனத்தை மட்டும் பரீட்சைக்குரிய சங்கதி என்று ஒதுக்கிவிடுகிறார்களே என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.

அடிப்படையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நைட்ரஜன் செறிந்த ஒரு காரம், ரைபோஸ் இனத்துச் சர்க்கரை, பாஸ்பேட் ஆகிய மூன்றும் கூடினால் நியூக்ளியோடைடு. பியூரின் காரங்களைச் சர்க்கரையின் மேலேயே துண்டு துண்டாகக் கட்டும் உயிரணு, பிரிமிடின்களுக்கோ வளையத்தை முடித்த பிறகே சர்க்கரையைச் சேர்க்கிறது. அடினின், ரைபோஸ், மூன்று பாஸ்பேட் என்று அமைந்ததே, 1929இல் ஜெர்மனியில் லோமனும், ஹார்வர்டில் பிஸ்கேயும் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சுப்பாராவும் கண்டறிந்த அடினோசின் டிரைபாஸ்பேட்.

இனி விஷயத்துக்கு வருவோம். இதன் பாஸ்பேட் பிணைப்பில் சக்தி பொதிந்திருக்கிறது, முறித்தால் வெளிப்படும் என்று பாடநூல்கள் ஓயாமல் ஓதுகின்றன. 1941இல் உயிர்வேதியியலர் லிப்மன் கணக்கெழுதும் சௌகரியத்துக்காக அந்தப் பிணைப்புக்குக் குறியாக இட்ட நெளிகோட்டை வஸ்துவாகவே எண்ணிவிட்டதன் பலன் இது. எந்தப் பிணைப்பை முறிக்கவும் சக்தியைச் செலவிட்டே ஆகவேண்டும். நீரோடு வினைபுரிந்து உண்டாகும் பொருள்கள் முந்தியவற்றைவிட ஸ்திரமானவை என்பதால்தான் லாபம் மிஞ்சுகிறது. அதுவும் பாதிக் கதையே. தன்போக்கில் விட்டால், ஒரு பாஸ்பேட்டை இழந்து உண்டாகும் டைபாஸ்பேட் டிரைபாஸ்பேட்டைவிடக் கோடி மடங்குக்கு மேல் பெருகி வினை ஓய்ந்துவிடும். உயிரணுவோ உண்ட உணவையெல்லாம் எரித்து டிரைபாஸ்பேட்டின் கையையே ஓங்கவைத்திருக்கிறது. சமநிலையிலிருந்து அவ்வளவு தூரம் விலக்கி நிறுத்தப்பட்டிருப்பதால், தரநிலையில் மோலுக்குச் சுமார் 30 கிலோஜூல் தரும் அதே வினை உயிரணுவுக்குள் 50ஐ எட்டுகிறது. அணையின் இருபுறமும் நீர்மட்டம் ஒன்றானால் சுழலி சுற்றுமா?

ஆகவே, ‘உயிரணுவின் நாணயம்’ என்றெழுதிப் புளகாங்கிதமடையும் பிரசங்கிகளையும், மனிதன் தினமும் ஏறக்குறையத் தன் எடையளவு இதைப் புதுப்பிக்கிறான் என்ற கணக்கோடு வியப்பை முடித்துக்கொள்வோரையும் நான் ரசிகர் வரிசையில் சேர்ப்பதில்லை. நாணயம் பெட்டியில் உறங்கினாலும் மதிப்பு குன்றாது. இதுவோ சமநிலையை அடைந்த மாத்திரத்தில் செல்லாக்காசு.

உங்களிடம் சொல்வதற்கென்ன, என் மனம் லயிக்கும் இடம் வேறு. இனோசின் மோனோபாஸ்பேட் என்னும் பொதுத் தாயிலிருந்து அடினின் வகையை ஆக்கக் குவானினின் டிரைபாஸ்பேட் செலவாகிறது; குவானின் வகையை ஆக்க அடினினின் டிரைபாஸ்பேட் செலவாகிறது. ஒன்று மிகுந்தால் அது மற்றதன் ஆக்கத்துக்கே துணைபோகும் இந்த ஏற்பாட்டை, நூலாசிரியர்கள் ஒரு சிறு படத்தோடு கடந்துவிடுகிறார்கள். உயிர்வேதியியல் புத்தகம் கையில் கிடைத்தால், முன்னுரையைப் புரட்டித் தள்ளிவிட்டு அந்தப் படத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.