வேண்டிய ஆகாரம்: கிறித்தவர் வேண்டுதல் பற்றிய ஒரு சொல்லாய்வு

இறைவனிடம் யாது வேண்டத்தகும் என்னும் வினா தமிழ்ச் சமய இலக்கியம் பயில்வார்க்குப் புதியதன்று. பரிபாடலின் ஐந்தாம் பாடலில் கடுவன் இளவெயினனார் செவ்வேளை இரக்குங்கால், செல்வத்தையும் அதனால் வரும் நுகர்ச்சியையும் விலக்கி, அருள் முதலாய மூன்றனையே கேட்டு நிற்கின்றார். காரைக்காலம்மையார் இறைவன்பால் கேட்டனவாகச் சேக்கிழார் கூறுவனவற்றுள்ளும் உடம்பைப் பேணும் பொருள் ஒன்றும் இல்லை. இவ்வுயர்ந்த மரபிற் பழகியவர் சிலர், கிறித்தவரின் தலையாய செபத்தின் நடுவே உணவு கேட்கப்படுதலைக் கண்டு, இது பக்தியின் முதிராநிலை என முடிவு கட்டிவிடுகின்றனர். மாணவர்தம் ஒப்பியல் கட்டுரைகளில் இம்முடிவை யாம் பன்முறை கண்டதுண்டு. கிறித்தவருள்ளும் ஒரு சாரார், குறையை ஒப்புக்கொண்டவரைப் போல, ஈண்டுக் கேட்கப்படுவது உடலுணவன்று, உயிருணவே என்று பொருள் விரித்து அகல்வர். இரு சாராரும் செபத்தின் சொற்களை நின்று நோக்கிற்றிலர் என்பது எம் கருத்து.

இச்செபம் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் இயலிலும், லூக்கா நற்செய்தியின் பதினோராம் இயலிலும் வருகின்றது. மத்தேயுவில் இறைவனின் பெயர், ஆட்சி, திருவுளம் என்னும் மூன்றும் முதற்கண் வேண்டப்படுகின்றன. உணவு அவற்றின் பின்னரே வருகின்றது. மன்னிப்பும் சோதனையினின்று காத்தலும் அதன் பின்னவை. இச்செபத்திற்குச் சற்று முன்னர், கேட்குமுன்னரே தந்தை உங்கள் தேவையை அறிவார் என இயேசு கூறியிருத்தலும் நோக்கற்பாலது. குழைத்த பத்தில் மணிவாசகரும், வேண்டத்தகுவதை இறைவனே அறிவான் என்றே தொடங்குகின்றார். அறிவான் எனின் கேட்பது எற்றுக்கு? மணிவாசகர் அவ்வறிவினின்று தம் விருப்பத்தையே இறைவன் விருப்பத்துள் ஒடுக்கும் நிலைக்குச் செல்கின்றார். கெத்செமனேயில் இயேசு வேண்டியதும் ஏறத்தாழ அந்நிலையே. ஆயினும் ஆங்கும் துன்பக் கிண்ணம் அகலுமாறு கேட்ட பின்னரே ஒடுக்கம் நிகழ்கின்றது. கேட்டல் தவிர்க்கப்படவில்லை.

இனி, உணவைச் சிறப்பிக்கும் கிரேக்க அடைமொழியைக் காண்போம். எபியூசியோஸ் என்னும் அச்சொல் கிரேக்கர் வழக்கில் இல்லாதது என்றும், நற்செய்தியாளர் ஆக்கிக்கொண்டதுபோலும் என்றும் மூன்றாம் நூற்றாண்டினரான ஒரிகன் எழுதினார். இருத்தற்கு இன்றியமையாதது, இன்றைக்குரியது, வரும் நாளுக்குரியது எனப் பல பொருள் கூறுவர். எரோணிமுசு இலத்தீனில் மத்தேயுவின் சொல்லைப் பொருண்மை கடந்த உணவு என்றும், லூக்காவின் அதே சொல்லை அன்றாட உணவு என்றும் பெயர்த்தார். ஒரே சொல்லுக்கு ஒரே ஆசிரியர் இரு பெயர்ப்புத் தந்தமை, சொல்லின் அருமையைக் காட்டுவதன்றி, உடலுணவைப் புறந்தள்ளச் சான்றாகாது. உயிருணவு என்பார் மத்தேயுவின் பெயர்ப்பை மட்டும் பற்றிக்கொள்வது முறையன்று.

தமிழில் கத்தோலிக்கர் வழக்கு ‘அனுதினம்’ என்னும் சொல்லை ஏற்றது. சீர்திருத்தத் திருச்சபையினரிடையே பரவிய பெயர்ப்போ, ‘வேண்டிய’ என்று கொண்டது. இச்சொல்லாட்சியே எம்மை இக்கட்டுரைக்குத் தூண்டியது. வேண்டுதல் என்பது தமிழில் விரும்புதல், இரத்தல், இன்றியமையாததாதல் என மூன்று பொருளும் படும். கடவுள் வாழ்த்தில் வள்ளுவர் விருப்பு என்னும் பொருளில் அச்சொல்லை ஆள்கின்றார். இரத்தற் பொருளில் அதுவே செபத்திற்குப் பெயராகவும் நிற்கின்றது. ஆகவே, ‘வேண்டிய ஆகாரம்’ என்பது யாம் விரும்பிய உணவோ, யாம் இரந்த உணவோ, எமக்கு இன்றியமையாத உணவோ என்னும் வினா எழும். விரும்புவது வேறு, இன்றியமையாதது வேறு. இரப்பவன் நாவில் அவ்விரண்டும் ஒன்றாதலே இவ்வேண்டுகோளின் கருத்து. பெயர்த்தோர் இதனையெல்லாம் எண்ணினர் என யாம் வாதிடவில்லை. மொழி தந்த பேறு எனலே அமையும். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘தேவையான’ எனத் தெளிவாக்கியது. தெளிவு மிக்கது, செறிவு குறைந்தது.

பெயர்ப்புகள் பலவும் ‘தா’ என்னும் வினையையே ஆள்வதும் கருதத்தக்கது. ஈ என்பதைத் தாழ்ந்தோன் சொல்லாகவும், தா என்பதை நிகரானவன் சொல்லாகவும், கொடு என்பதை உயர்ந்தோன் சொல்லாகவும் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்தார். இதுகொண்டு, கிறித்தவர் இறைவனை நிகரானவனாக எண்ணினர் எனக் கூற விரைவது பிழை. அவ்வரையறை பிற்கால வழக்கில் நெகிழ்ந்து, தெய்வத்தை நோக்கித் ‘தா’ எனல் எல்லாச் சமயப் பாடல்களிலும் இயல்பாயிற்று.

இவற்றினும் கனமுடையது ‘எங்களுக்கு’ என்னும் பன்மை. கிரேக்கத்தில் நாம், நாங்கள் என்னும் வேறுபாடு இல்லை. தமிழில் முன்னிலையாகிய இறைவனை நீக்கி ‘எங்கள்’ என்றே கூறல் வேண்டும். இலக்கணப்படி அச்சொல் நீக்குவது இறைவன் ஒருவனையே. மாந்தருள் எவரையும் அன்று. ஆயின், வழக்கில் எங்கள் வீடு, எங்கள் ஊர், எங்கள் சபை என அது சுருங்கிக் கேட்கும். இங்ஙனம் சுருக்கிக் கேட்டார் பிழையே இவ்வேண்டுகோளைத் தன்னலமாக்கிற்று.

உரோமை நகர் 410-இல் சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்கா புகுந்த செல்வக் கைம்பெண் புரோபா, எவ்வாறு வேண்டுவது என வினவ, அகுஸ்தீன் எழுதிய விடைமடல் ஈண்டு நினைக்கத்தகும். முறையாக வேண்டுவார் எச்சொல்லாற் கேட்பினும் இச்செபத்தில் அடங்காத ஒன்றைக் கேளார் என்பது அவர் துணிபு. வறுமையும் செல்வமும் இரண்டுமே வேண்டா, உரிய உணவே போதும் என நீதிமொழிகளில் ஆகூர் கேட்பதையும் அவர் இதனோடு ஒப்பிட்டார். நிலபுலம் மிக்க புரோபா இன்றைய உணவைக் கேட்பானேன்? ‘எனக்கு’ என்றிருப்பின் அவ்வேண்டுகோள் அவர்க்குப் பொருளற்றது. ‘எங்களுக்கு’ என்றிருத்தலின், உணவில்லாதார் பசி அவர் வாயில் வந்து நிற்கின்றது. செபதேயுவின் மனைவி தம் மக்கள் இருவர்க்கு மட்டும் வலமும் இடமும் இருக்கை கேட்டபோது, கேட்பது இன்னதென அறியீர் என மறுமொழி கிடைத்தமையை இதனோடு வைத்துக் காண்க.

பரிபாடற் புலவரும் ‘யாஅம்’ என்றே இரக்கின்றார். அப்பன்மை, புலவர் ஒருவர் தம்மைக் குறிக்கும் வழக்கோ, உடன் வழிபடுவோரை உளப்படுத்தியதோ என்பது ஆராய்தற்குரியது. மணிவாசகர் குழைத்த பத்தில் ஒருமையில் நின்று பேசுகின்றார். ஒப்பியல் செய்யப் புகுவார் உணவா அருளா எனப் பொருளை நிறுப்பதன்முன், இரப்போர் எண்ணிக்கையை நோக்குதல் நன்று.