எண்ணூரின் திணை

2017 ஜனவரியில் ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ யூட்யூபில் வந்தபோது பெருங்குடியில் ஒரு ஐ.டி. ஆபீஸில் இருந்தேன். கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடியது. பக்கத்து சீட் நண்பன் பார்த்து முடித்துவிட்டு, "என்னடா உங்க ஊரு, பாலைவனம் மாதிரி இருக்கு?" என்றான். சிரிச்சு மழுப்பிட்டேன். ஆனால் அந்த உவமை இன்னும் உறுத்துகிறது.

தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். நெய்தல் பாலையாவதற்கு இலக்கணமே இல்லை. எண்ணூரில் கழியை மூடியது வெயிலும் இல்லை, அனல்மின் நிலையச் சாம்பல்.

அதோடு, வறண்ட நிலம் செத்த நிலமும் இல்லை. ஆப்பிரிக்காவின் கலஹாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு குருவியினம் முள்மரத்தில் வைக்கோல் போர் மாதிரி கூடு கட்டுகிறது. ஒரே கூட்டில் நூறு பறவைகளுக்கு மேல் குடியிருக்கும். ஒக்கவாங்கோ ஆறு கடலுக்கே போகாமல் அந்த மணலில் விரிந்து முடிகிறது. அந்த நீரை நம்பி யானைக் கூட்டங்கள் வருகின்றன. நம்ம கொசஸ்தலையாறு கடலைத் தொடுகிற ஆறு. அதன் வழியைத்தான் சாம்பல் தூர்க்கிறது. இதைப் பாலைவனம் என்றால் கலஹாரிக்குத்தான் அவமானம்.

பாடலின் சாதனை ஒரு சொல்லை மீட்டது. வசவாகிப்போன ‘புறம்போக்கு’ ஊருக்கே பொதுவான நிலத்தின் பெயர் என்பதைச் சென்னைத் தமிழில், ராகமாலிகையில் வைத்துப் பாடியது. சபாவுக்கு வெளியே நிற்கும் பேச்சு அந்த ராகங்களில் கொஞ்சமும் கூச்சமில்லாமல் உட்கார்கிறது. ஆனால் கேட்டு முடித்ததும் என் மனதில் நிற்பது வாதம்தான். கழியில் இடுப்பளவு தண்ணியில் இறங்கி கையால் இறால் தடவும் மனிதர்களோ, நண்டோ, மடவையோ இல்லை. அழிவை மட்டும் பார்த்தவனுக்கு அது பாலைவனமாகத் தெரிந்ததில் அவன் தப்பு பாதிதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்தபோது, கூழைக்கடாக்கள் கறுத்த சிறகோடு நின்றன. அந்தப் படங்களைப் பார்த்த பலருக்கு அப்போதுதான் அங்கே பறவைகள் உண்டு என்பதே தெரிந்தது. சாகிறபோது மட்டும் கண்ணில் படுகிற உயிர்கள்.

நாங்கள் அன்றைக்கு உட்கார்ந்திருந்த ஆபீஸும் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம்தான். சம்பளம் வந்த தேதி எனக்கு ஞாபகம் இருந்தது, காலடியில் இருந்த தண்ணீர் ஞாபகம் வரவில்லை. பாடல் பேசுவது என் ஊரை மட்டும் என்று நினைத்துத்தான் மழுப்பியிருக்கிறேன். நண்பனுக்கு இப்போது பதில் சொல்லலாம்: எண்ணூர் இன்னும் நெய்தல்தான் மச்சி, நீயும் நானும் அங்கே போய் தண்ணியில காலை வைக்கணும்.