கடலம்மையின் சட்டமும் கடன்கணக்கும்: ‘செம்மீன்’ நாவலும் திரைப்படமும்

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’ 1956இல் வெளிவந்தது. மறு ஆண்டே சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ராமு காரியாட்டின் இயக்கத்தில் அது 1965இல் திரைப்படமாகி, சிறந்த படத்திற்கான குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கத்தை முதன்முதலாகத் தென்னிந்திய மொழி ஒன்றுக்குப் பெற்றுத் தந்தது. நாவலைச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகர் அறிவர். ஆயினும் ‘செம்மீன்’ என்றதும் பலர் நினைவுக்கு வருவது நாவலின் பக்கம் எதுவுமன்று. சலில் சௌதுரியின் இசையும் மன்னா டேயின் குரலுமே. ஒரு நாவலைப் பற்றிய பொது நினைவைத் திரைப்படம் இவ்வளவு முழுமையாகக் கைப்பற்றிவிட்ட நிலையில், அந்த நினைவு எதை விட்டுவிட்டது என்று கேட்பது தேவையாகிறது.

கதையின் சுருக்கம் யாவரும் அறிந்ததே. மீனவப் பெண் கறுத்தம்மாவும் முஸ்லிம் மீன் வணிகனான பரீக்குட்டியும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். அவள் பழனி என்னும் மீனவனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். கடலுக்குப் போனவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்பது அக்கரையின் நம்பிக்கை. காதலர் மீண்டும் சந்திக்கும் இரவில் பழனி சுறாவோடு போராடிக் கடலில் மறைகிறான். காதலர் உடல்கள் கரை ஒதுங்குகின்றன. இந்தச் சுருக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், நம்பிக்கை பலித்த கதை என்றே தோன்றும். இச்சுருக்கம் திரைப்படத்திற்குப் பெரிதும் பொருந்துகிறது. நாவலுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

நாவலின் தொடக்க உரையாடலே தோணியும் வலையும் வாங்குவது பற்றியது. தன் தந்தை தோணி வாங்கப்போவதைக் காதலனிடம் பெருமையாகச் சொல்லும் பெண், அதே மூச்சில் அதற்குப் பணம் தருவாயா என்றும் கேட்டுவிடுகிறாள். விளையாட்டாக எழுந்த அக்கேள்வியைச் செம்பன்குஞ்சு வினையாக்குகிறான். பரீக்குட்டியிடம் பணமும் சரக்கும் வாங்குகிறான், திருப்பித் தருவதில்லை. பரீக்குட்டியின் தொழில் நொடிக்கிறது. அக்கடனைத் தீர்க்காமல் மணமுடித்துச் செல்ல முடியாது என்பதே கறுத்தம்மாவின் ஓயாத மனவேதனை. அவளிடத்தில் காதல் எங்கே முடிகிறது, கடன்பட்டவளின் குற்றவுணர்வு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாது. இந்திய மொழிகளின் துன்பியல் காதல் நாவல்களில் பணம் பெரும்பாலும் வெளித்தடையாகவே வரும். சரத்சந்திரரின் ‘தேவதாஸ்’ நாவலில் குடும்ப அந்தஸ்து அவ்வாறுதான் குறுக்கே நிற்கிறது. ‘செம்மீ’னில் பணம் காதலின் உள்ளேயே இருக்கிறது. தகழியின் தனித்தன்மை என்று நான் கருதுவது இதையே.

சாதிப் படிநிலையும் இதனோடு சேர்கிறது. தோணி வைத்துக்கொள்ளும் உரிமை மரபுப்படி வலைக்காரருக்கே உண்டு. முக்குவனான செம்பன்குஞ்சு அதை மீறுகிறான். இம்மீறலைத் துறை அரயனின் இசைவைப் பெற்றுச் சரிப்படுத்திக்கொள்ள முடிகிறது. அவனுடைய மகளின் மனம் செய்த மீறலுக்கு அத்தகைய வழி எதுவும் இல்லை. ஆணின் பேராசைக்கு அபராதமும் பெண்ணின் விருப்பத்துக்கு மரணமும் விதிக்கும் இச்சட்டத்தைத் தகழி விமரிசனமின்றி ஏற்றுக்கொண்டார் எனல் பொருந்தாது. எனினும் மீனவச் சமூகத்தின் உள்ளிருந்து வி. வி. வேலுக்குட்டி அரயன் இந்நாவலைக் கடுமையாக மறுத்தார் என்பதையும் மறக்கலாகாது. குட்டநாட்டு வேளாண் சூழலிலிருந்து வந்த எழுத்தாளர் கடற்கரையை எவ்வளவு அறிந்திருந்தார் என்ற வினா நியாயமானதே.

கடலம்மை பற்றிய நம்பிக்கை நாவலில் தாய் சக்கியின் வாயால் வருகிறது. பருவமெய்திய மகளைக் கண்டு அஞ்சும் ஒரு தாயின் எச்சரிக்கை அது. சொல்பவர் யார், கேட்பவர் யார், ஏன் சொல்லப்படுகிறது என்பவையெல்லாம் நம் கண்முன் இருப்பதால், வாசகர் அதை நம்பவோ ஐயுறவோ இடமிருக்கிறது. திரைப்படத்தில் வயலாரின் பாடலாக அதே கதை கூட்டுக்குரலில் எழுகிறது. தாயின் அச்சம் ஊரின் நெறியாக மாறுகிறது. தாளத்தோடு வரும் நெறியை யாரும் குறுக்கிட்டுக் கேள்வி கேட்பதில்லை. பரீக்குட்டிக்கும் இதுவே நேர்கிறது. நாவலிலும் அவன் இரவில் கரையில் பாடுபவன்தான். ஆயினும் பக்கத்தில் படிக்கும் பாட்டு செவியில் விழுவதில்லை, அவனுடைய வெறுமையான கொட்டகையே மனத்தில் நிற்கிறது. திரையில் மன்னா டேயின் குரல் அந்தக் கொட்டகையை மறைத்துவிடுகிறது. நொடித்த வணிகன் நித்தியக் காதலன் ஆகிறான்.

இதனால் படம் பொருளியலை முற்றும் துறந்தது என்று கூறலாகாது. கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயரின் செம்பன்குஞ்சு, நாவலின் செம்பன்குஞ்சுவைவிடவும் கனமானவன். மார்கஸ் பார்ட்லியின் வண்ண ஒளிப்பதிவில் உழைப்பின் உடல்கள் தெரிகின்றன. ஆனால் அதே ஒளிப்பதிவில் கடலும் பேரழகு கொள்கிறது. பேரழகு கொண்ட கடல் தெய்வமாவதற்கு நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை.

தமிழ் ஆய்வாளர் இக்கதையை உடனே நெய்தல் திணையோடு பொருத்த முற்படுவது இயல்பு. பரதவர், அலர், இரங்கல் எல்லாம் இருக்கின்றன. எனினும் ஒரு வேறுபாடு அடிப்படையானது. நெய்தல் பாடல்களின் கடல் தலைவியின் துயரத்துக்குத் துணையாக ஒலிப்பது. அவள் கற்பை அளந்து தண்டிப்பதில்லை. அலர் மணத்தை விரைவுபடுத்துமேயன்றிக் கொல்வதில்லை. தலைப்பிலும் ஒரு விந்தை உண்டு. மலையாளத்தில் செம்மீன் என்பது இறால். பழந்தமிழில் அது விண்மீன்; பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தில் அரசியோடு ஒப்பிடப்படும் செம்மீனை அருந்ததி எனக் கொள்வர். மொழிபெயர்ப்பில் தலைப்பை மாற்றாமல் வைத்ததால், தமிழில் மட்டும் அது கற்பின் மீனாகவும் ஒலிக்கிறது. திட்டமிடாத இந்த ஒலி கதைக்குப் பொருந்திவிடுவது சற்றே அச்சமூட்டுகிறது.

இறுதிக் காட்சிக்கு வருவோம். கடலில் பழனியும் கரையில் காதலரும் ஒரே வேளையில் இருப்பது திரைப்படத்தின் கற்பனையன்று, நாவலிலேயே உள்ளது. ஆனால் உரைநடை ஒன்றன்பின் ஒன்றாகவே சொல்ல முடியும். அந்த இடைவெளியில் முன்நடந்தவை நினைவுக்கு வருகின்றன. மாற்றி மாற்றி வெட்டிச் செல்லும் படத்தொகுப்பில் ஒரு காட்சி மற்றதற்குக் காரணம்போல் ஆகிறது: தழுவல், உடனே சுழல். பழனி அன்றிரவு ஏன் தனியே சென்றான் என்ற கேள்விக்கு அங்கே மூச்சுவிட நேரமில்லை. விடை நாவலில் தெளிவாகவே இருக்கிறது. மனைவியைப் பற்றிய அலரால் உடன் தொழில் செய்வோர் அவனைத் தங்கள் தோணியில் ஏற்ற மறுத்துவிட்டனர். தோணி செலுத்துவதில் பேர்பெற்றவன் சிறு தோணியும் தூண்டிலுமாகத் தனித்துவிடப்பட்டான். சுறா பிடிக்கையில் தூண்டில் கயிற்றைப் பற்ற ஒருவரும் துடுப்பைப் பற்ற மற்றொருவரும் வேண்டும். பழனி இரண்டு வேலையையும் தானே செய்ய நேர்ந்தது. நாவலின் முடிவில் தூண்டில் விழுங்கிய சுறாவும் செத்துக் கரை ஒதுங்குகிறது. பழனியின் கைத்திறன் கடைசிவரை பிழைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. அவன் தோணியில் துடுப்புப் பிடிக்க வேறொருவர் இல்லை.