முதலாம் தரத்தோடு முடிகிற பாடமா சரளி வரிசை?

வீணை, வயலின், புல்லாங்குழல் என்று எதைக் கையில் எடுத்தாலும் கர்நாடக இசையில் முதற்பாடம் சரளி வரிசை. அதை மாயாமாளவகௌளையில் வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. தஞ்சாவூரிலும் யாழ்ப்பாணத்திலும் வரிசை ஒன்றுதான், மூன்று காலமும் ஒன்றுதான்.

அந்த ராகத்தைத் தேர்ந்ததில் நுட்பம் இருக்கிறது. ச ரி க ம என்பதில் உள்ள இடைவெளிகளே ப த நி ச என்பதிலும் வருகின்றன. வயலினில் ஷட்ஜத் தந்தியில் பழகிய விரல், பஞ்சமத் தந்தியிலும் அதே இடங்களில் விழும். கச்சேரிக்கு முன் கைவிரல்களைப் பதப்படுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

இலங்கையில் இந்த வரிசை பெரும்பாலும் பரீட்சையோடு வருகிறது. வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சை நடத்துகிறது. கர்நாடக சங்கீதம் பள்ளிப் பாடமாகவும் உண்டு. மேலே படிக்க மருதனார்மடத்தில், முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகம் எனப்பட்ட பல்கலைக்கழகப் பீடம் உண்டு. இசைக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைக்கும் வாசல் திறந்த ஏற்பாடு இது. போர்க்காலத்திலும் அது அறுந்துவிடவில்லை என்பதை எண்ணினால் மனம் நெகிழ்கிறது. ஆனால் தொடக்கத் தரத்தில் தேறியதும் சரளியும் அதையடுத்து வரும் ஜண்டை வரிசையும் 'முடிந்த பாடம்' ஆகிவிடுகின்றன.

தமிழ்நாட்டிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுப் படிப்பும் தேர்வும் உண்டு. எனினும் அங்கே தனி ஆசிரியரிடம் கற்பவர்களே மிகுதி. எப்போது கீர்த்தனைக்குப் போகலாம் என்பது குருவின் முடிவு. மேடையில் அந்தப் பதப்படுத்தும் வேலையை வர்ணம் செய்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறையில் வர்ணம் முதலில் வருவதும், அதை இரண்டு காலத்தில் வாசிப்பதும் இதற்காகத்தான்.

நாகஸ்வரத்தில் மட்டும் இரு கரைக்கும் வேறுபாடு குறைவு. நாகஸ்வர வித்துவான் அளவெட்டி என்.கே. பத்மநாதனும் தவில் மேதை தட்சணாமூர்த்தியும் வந்த யாழ்ப்பாண மரபுக்குத் தஞ்சை மரபோடு நெருங்கிய உறவு. சீவாளியை நனைத்து ஊதிப் பார்த்து, சுருதி சேர்த்து, சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்குவார்கள். சாகித்தியமே இல்லாத அந்த உருப்படி காலம் மாறி மாறி ஒலிக்கும்போது மூச்சும் விரலும் தவிலும் ஒன்றுபடுகின்றன.

அடிப்படைப் பயிற்சி தொடக்கத் தரத்தோடு நின்றுவிடாதிருக்க, சபைப் பரீட்சையின் மேல்தரங்களில் ஒரு மாற்றம் செய்யலாம்: கல்யாணியிலோ தோடியிலோ, அத்தகைய பயிற்சியான அலங்காரத்தை மூன்று காலத்தில் வாசிக்கச் சொல்லி மதிப்பெண் தரலாம். செலவில்லாத மாற்றம்; தமிழ்நாட்டு இசைப்பள்ளிகளுக்கும் பொருந்தும்.