ஒரு ஜீனும் ஓர் அவசர முடிவும்

காசநோய்க் கிருமி ஒரு மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால், அது புதிதாக எதிர்ப்புச் சக்தியைப் பெற்றுவிட்டது என்று எழுதுவது வழக்கம். நீங்களும் படித்திருப்பீர்கள். ஆனால் ஐசோநயாசிட் என்னும் மருந்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் கிருமி புதிதாக எதையும் பெறுவதில்லை. இருந்த ஒரு திறமையை இழக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுக் கட்டுரை 1992 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. யிங் ஜாங், ஸ்டூவர்ட் கோல் உள்ளிட்ட ஐவர் எழுதியது. அதன் நிறை குறைகளைப் பார்ப்போம்.

ஐசோநயாசிட் 1952 முதல் வழக்கத்தில் உள்ளது. நாம் விழுங்கும் நிலையில் அதற்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் இல்லை. கிருமிக்குள் இருக்கும் கேட்டலேஸ்-பெராக்சிடேஸ் என்ற நொதிதான் அதைச் செயல்படும் பொருளாக மாற்றுகிறது. அப்பொருள், கிருமியின் மெழுகு போன்ற மேலுறைக்கு வேண்டிய மைக்காலிக் அமிலம் உருவாகாதபடி தடுக்கிறது. தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அதே கதைதான்! இந்த நொதிக்குரிய ஜீனின் பெயர் 'கேட்-ஜி'.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பலவற்றில் கேட்டலேஸ் இல்லை என்பதை மிடில்புரூக் 1954இலேயே தெரிவித்தார். ஆயினும் இரண்டு சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. 1992ஆம் ஆண்டுக் கட்டுரையின் சிறப்பு இங்குதான் இருக்கிறது. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறொரு பாக்டீரியாவில், மருந்துக்கு அடங்காத வகை ஒன்றில் இந்த ஜீனைச் செலுத்தினார்கள். அது மருந்துக்கு அடங்கியது. காரணம் ஐயமற நிலைநாட்டப்பட்டது.

குறை எங்கே? இரு நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் இந்த ஜீனே இல்லாதிருந்ததைக் கட்டுரை சான்றாகக் காட்டியது. சான்று உண்மையானது, ஆனால் அரிதானது. அதை மட்டும் படிப்பவர், "ஜீன் இருந்தால் மருந்து பலிக்கும்" என்று எளிதில் முடிவு கட்டிவிடுவார்.

அது தவறு. நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவது வேறு மாற்றம்: நொதியின் 315ஆம் இடத்தில் செரீனுக்குப் பதிலாகத் திரியோனின் என்ற அமினோ அமிலம் அமைந்துவிடுகிறது. ஜீன் அப்படியே இருக்கிறது. நம் வெள்ளணுக்கள் கிருமியின்மீது ஏவும் பெராக்சைடை நொதி பெருமளவு சிதைத்தும்விடுகிறது. மருந்தைச் செயல்படுத்தும் வேலையைத்தான் அது சரிவரச் செய்வதில்லை. தனக்கு வேண்டிய காவலை வைத்துக்கொண்டு கேட்டை மட்டும் கிருமி விலக்கிக்கொள்கிறது! மேலும், 'இன்-எச்-ஏ' என்ற வேறொரு ஜீன் வழியாகவும் எதிர்ப்பு வரலாம் என்பது 1994இல் தெரிந்தது.

இது ஏட்டுச் சர்ச்சை அன்று. ஜீன் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சோதனை, இத்தகைய நோயாளிக்கு "மருந்து பலிக்கும்" என்றே சொல்லும். அவர் பலன் குறைந்த மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவார். வீட்டாருக்கும் நோய் பரவும். எனவேதான் இன்றைய ஜீன் சோதனைகள் 315ஆம் இடத்தையும், 'இன்-எச்-ஏ' ஜீனை இயக்கும் முன்பகுதியையும் ஆராய்கின்றன.

மாணவ நண்பர்களே, ஒரு ஜீனைப் பற்றிப் படிக்கும்போது "இருக்கிறதா?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "இருந்து என்ன செய்கிறது?" என்றும் கேளுங்கள்.